வீட்டுச் சோளம்

எண் ஐயாயிரத்தைத் தாண்டியபோது மணல்காரர் சிரித்தார். திங்கட்கிழமை காலையில் பெட்டியும் மனுஷரைப் போல முரண்டு பிடிக்கிறது என்று நினைத்தார். மூடியைத் திறந்து, கண்ணாடித் தட்டிலிருந்த சோள மணிகளை விரலால் ஒரு புரட்டுப் புரட்டி, மறுபடி வைத்து மூடினார். ஒரு நிமிஷம் ஓடி நின்றது. நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். சிரிப்பு பாதியில் நின்றது.

மணல்காரர் என்பது அந்தச் சோதனைக்கூடத்தில் அவருக்கு விழுந்த பெயர். உணவுப்பொருளைச் சோதிக்கிற வேலை என்று வெளியில் சொல்லிக்கொண்டாலும், அவர் பார்ப்பது உணவை அல்ல, அதில் ஒட்டிக்கொண்டு வருகிற மண்ணைத்தான். மிளகோ பருப்போ காய்ந்த வெங்காயமோ, எது வந்தாலும் எங்கேயோ ஒரு களத்தில் கிடந்து, எங்கேயோ ஒரு காற்றில் புழுதி வாங்கித்தான் வரும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடி மணல் ரோஷக்காரப் பொருள். பூச்சியும் பூஞ்சையும் சாகட்டும் என்று மூட்டையை, கதிர்வீச்சைப் பாய்ச்சுகிற கதிர்க்கூடத்துக்குள் அனுப்பி எடுத்தால், சோளம் அதை மறந்துவிடும், மணல் மறக்காது. வாங்கியதை அப்படியே உள்ளே வைத்திருக்கும். பெட்டிக்குள் வைத்துக் கண்ணுக்குப் புலப்படாத வெளிச்சத்தால் சீண்டினால், வைத்திருந்ததை எல்லாம் துளித்துளி ஒளியாகக் கக்கிவிடும். பெட்டி அந்தத் துளிகளை எண்ணும். எழுநூறுக்குக் கீழே என்றால் கதிர் படாதது, ஐயாயிரத்துக்கு மேலே என்றால் பட்டது. வெயில் பட்டால் மணல் எல்லாவற்றையும் முன்கூட்டியே கொட்டித் தீர்த்துவிடும் என்பதால் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும். பதினோரு வருஷப் பகல்களை அவர் அந்த விளக்கின் கீழேதான் கழித்திருந்தார்.

கதிர் பட்டதென்றால் விஷம் என்று அர்த்தமில்லை. இதை அவர் எத்தனையோ பேரிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார். பட்டதைப் பட்டது என்று மூட்டையில் அச்சடித்து விற்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். சொல்லாமல் வருவதைப் பிடிப்பதுதான் அவர் வேலை.

அன்றன்றைய மாதிரிகளைத் தொடுவதற்கு முன்னால், கதிரே படாதது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை வைத்துப் பெட்டி ஒழுங்காக எண்ணுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைப் பிளாங்க் என்பார்கள். அத்தாட்சியோடு வந்த பிளாங்க் டப்பா தீர்ந்து இரண்டு வருஷமாகிறது. புதிது கேட்டு எழுதிய காகிதம் யார் மேஜையில் தூங்கிக்கொண்டிருக்கிறதோ. அது வரும் வரைக்கும் என்று மணல்காரர் வீட்டு டின்னிலிருந்து ஒரு பிடி மக்காச்சோளத்தைக் கறுப்புக் காகிதத்தில் மடித்து எடுத்துவரத் தொடங்கினார். அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் மனைவி பார்த்துப் பார்த்து வாங்கும் சோளம். ஒவ்வொரு நாளும் இருநூறு, இருநூற்றைம்பது என்று பெட்டி அடக்கமாகச் சொல்லும். இவரும் பதிவேட்டில் 'பிளாங்க் சரி' என்று எழுதிவிடுவார். உலகத்தில் எதை நம்பாவிட்டாலும் தன் வீட்டுச் சோளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

இழுப்பறையில் போன மாதத்துப் பொட்டலம் ஒன்று மிச்சமிருந்தது. அதைத் தட்டில் கொட்டி வைத்துப் பார்த்தார். இருநூற்று நாற்பத்து மூன்று. பெட்டியில் கோளாறு இல்லை. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. பழைய டின் காலியாகிவிட்டதால் புது மூட்டையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்தது. அந்த மூட்டை வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகிறது. அதில்தான் இந்தத் தடவை மனைவி மாவு அரைத்திருக்கிறாள்.

முந்தின நாள் அள்ளிய மணிகளைக் கறுப்புக் காகிதத்தில் மறுபடி மடித்து எடுத்துக்கொண்டார்.

மனைவி அரைப்பது குழந்தைகளுக்கான மாவு. சோளத்தைக் கழுவி, உலர்த்தி, பக்குவமாக வறுத்து, கடலையும் சேர்த்து நைசாக அரைப்பாள். முதலில் தங்கள் மகளுக்கென்று அரைத்ததுதான். கேட்ட ஒருத்திக்கு ஒரு டப்பா கொடுக்கப்போய், இப்போது தெருவில் ஏழு வீடுகளுக்குப் போகிறது. ஏழு வீட்டிலும் பல் முளைக்கிற வயசுப் பிள்ளைகள். அவர்கள் மகளுக்குப் பதினாலு மாதம். நாலு நாளாக எதைக் கொடுத்தாலும் எதுக்களித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து அறையில் பூஞ்சைப் பிரிவு. அங்கே இருபது வருஷமாக இருக்கும் அம்மாவை எல்லாரும் பூஞ்சையக்கா என்றுதான் சொல்வார்கள், அவருக்கும் அதில் கோபமில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"என் பிளாங்க் அடிக்குதுக்கா. நாப்பத்தோராயிரம்."

"பெட்டி போயிருக்கும்."

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. பழைய சோளத்துக்கு ஒழுங்காக் காட்டுது. நேத்து எடுத்தது மட்டும் இப்படி."

"அப்ப உங்க வீட்டுச் சோளம் கதிர்ல குளிச்சுட்டு வந்திருக்கு. வந்தா என்ன இப்போ? ஒட்டிக்கிட்டா வருது? நீதான ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறவன்!"

"கதிருக்கு நான் பயப்படலைக்கா."

"பின்ன எதுக்கு இந்தப் பாடு?"

"நல்ல சோளத்தை எவனாவது செலவழிச்சு உள்ள அனுப்புவானா? அப்படியே அனுப்பினாலும் முத்திரையோட விப்பான். அதை மறைச்சு விக்கிறான்னா, உள்ள போறதுக்கு முன்னாடி அது என்ன நெலமையில இருந்திருக்கும்?"

பூஞ்சையக்கா முகத்திலிருந்த கேலி போன இடம் தெரியவில்லை. போன மழைக்கு எத்தனை கிடங்குகளில் தண்ணீர் ஏறியது என்பது அவருக்குத் தெரியும். நனைந்த சோளத்தில் பச்சையாகப் பூஞ்சை ஏறி, அதன் மாதிரிகள் வரிசையாக அவர் மேஜைக்குத்தான் வந்தன.

"பூஞ்சை செத்துரும்," என்றார் மெதுவாக. "ஆனா அது கக்கி வெச்ச விஷம் இருக்கே, அது எதுக்கும் அசையாது. கதிருக்கும் சாகாது, அடுப்புல வறுத்தாலும் சாகாது. ஈரலைத்தான் தின்னும்."

"தெரியும்க்கா."

"வீட்டுல யாரு சாப்பிட்டா?"

"பாப்பா."

அவர் உள்ளே போய் ஒரு படிவத்தை எடுத்துவந்தார். "உடனே காட்டுற சோதனைப் பட்டை தீந்து ஒரு மாசமாச்சு. அரைச்சு, வடிச்சு, மெஷின்ல ஏத்தணும். நாளைக்குக் காலையிலதான் சொல்ல முடியும். மேடம் கையெழுத்து வேணும். எங்கிருந்து வந்த மாதிரின்னு எழுதியாகணும்டா."

எழுதினால் இரண்டு வருஷத்து 'பிளாங்க் சரி' எல்லாம் வெளியே வரும். அது மணல்காரருக்குத் தெரியாததல்ல. வேறொரு நாளாக இருந்தால் வேலை போய்விடுமே என்று கை கால் ஓடியிருக்காது. அன்றைக்கு அந்தப் பயத்துக்கு நெஞ்சில் இடமே இல்லை. எழுதிக் கொண்டுபோய், சோதனைக்கூடத்தின் தலைமை அதிகாரியான மேடத்தின் முன்னால் வைத்தார்.

மேடம் இரண்டு தடவை படித்தார். "ரெண்டு வருஷமா வீட்டுலேர்ந்தா?" என்றார். பதிவேட்டை வாங்கித் தன் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு கையெழுத்துப் போட்டார். "உங்க விஷயத்தை அப்புறம் பேசலாம். குழந்தைக்கு அந்த மாவைக் குடுக்காதீங்க. ஆனா முடிவு வர்ற வரைக்கும் விஷம் கிஷம்னு வெளிய ஒரு வார்த்தை பேசக்கூடாது. இல்லாத ஒண்ணைச் சொல்லிட்டோம்னு கடைக்காரன் நம்மளைக் கோர்ட்டுக்கு இழுப்பான்."

வராந்தாவில் நின்று மனைவிக்குப் போன் போட்டார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. நாலு தடவை மணி அடித்த பிறகுதான் எடுத்தாள்.

"பாப்பாவுக்கு மாவு குடுத்துட்டியா?"

"இப்பத்தான் காய்ச்சி ஆற வெச்சிருக்கேன். ஏங்க?"

"குடுக்காத. கீழ கொட்டிடு."

"நல்லாருக்கே! கால் மணி நேரமா நின்னு கிண்டினவ நான். எதுக்குக் கொட்டணும்?"

"சொல்றேன்ல. கொட்டு முதல்ல."

அவர் குரலில் என்ன இருந்ததோ, அவள் பேச்சு நின்றது. பாத்திரம் சாக்கடைத் தொட்டியில் கவிழும் சத்தம் கேட்டது.

"கொட்டிட்டேன். இப்பச் சொல்லுங்க."

சொன்னார். தெரிந்ததை மட்டும் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார்.

"ஏங்க," என்றாள். "கழுவினப்ப பாதி மணி மெதந்துச்சு."

"மெதந்துச்சா?"

"கனமே இல்ல. இப்படி மெதந்து பாத்ததே இல்ல. புதுச் சோளம், சரியா முத்தலைபோலன்னு நெனைச்சேன். வண்டு ஒண்ணுகூட இல்ல, புழு இல்ல, அவ்வளவு சுத்தம். அதனால சந்தேகமே வரல."

"மெதந்ததை என்ன பண்ணின?"

அவள் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அள்ளிப் போட்டியா?"

"வீணாப் போகுதேன்னு காய வெச்சுச் சேத்து அரைச்சுட்டேன்."

மணல்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். பூஞ்சை அரித்த மணிதான் அப்படிக் கனமிழந்து மிதக்கும். கண்டுபிடிக்கப் பெட்டிக்கு மணல் வேண்டும். அவளுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதுமாக இருந்திருக்கிறது. தண்ணீர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

மதியம் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தானியக் கடைக்குப் போனார். கடைக்காரர் நல்ல மனுஷர், பேச ஆள் கிடைத்தால் எடை போடுவதையே மறந்துவிடுவார். அந்தச் சோளத்தில் இன்னும் மூன்று மூட்டை இருந்தன. மணல்காரர் ஒன்றின் வாயை விரித்துக் கையை உள்ளே விட்டார். சாக்கின் உட்புறம் விரலுக்கு வழவழவென்று பட்டது. அச்சு மை உள்ளே இருந்தது. சாக்கை உள்வெளியாகத் திருப்பித் தைத்திருந்தார்கள். விளிம்பை மடித்துப் பார்த்தபோது பச்சை வட்டத்தில் பாதி தெரிந்தது, நடுவில் ஒரு செடி. கதிர்க்கூடத்துக்குப் போய்வந்த பொருளுக்குப் போடும் முத்திரை அது.

"இதை யாரு திருப்பித் தெச்சது?"

"வந்தப்பவே அப்படித்தாங்க இருந்துச்சு. ஏன், சாக்கையா திங்கப்போறீங்க?" என்று சிரித்தார் கடைக்காரர். பிறகு எதிராளி சிரிக்காததைப் பார்த்து, "சோளத்துல ஏதாச்சும் கொறையா?" என்றார்.

"நாளைக்கு வரைக்கும் யாருக்கும் போடாதீங்க."

"காரணம் சொல்லுங்க, போடல."

காரணம் சொல்லக்கூடாது என்று மேடம் சொல்லியிருந்தார். "எனக்காகப் போடாதீங்க," என்றார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மூட்டைகளைப் பின்பக்கம் தள்ளிப் படுதாவைப் போட்டு மூடினார்.

வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. மனைவி மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு மாவைத் திரும்ப வாங்கப் போயிருந்தாள். சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் திரும்பினாள். ஈரக் குடையை மூலையில் வைத்துவிட்டு, பையிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நாலு இருந்தன.

"மத்த மூணு?"

"அவங்க தரல."

"ஏன் தரல? என்ன சொல்லிக் கேட்ட?"

"மாவுல வண்டு விழுந்துருச்சு, குடுங்க, வேற தரேன்னு சொன்னேன்." அவள் முகத்தில் பயமும் இருந்தது, ஒரு காரியத்தை யாருக்கும் நோகாமல் முடித்துவிட்ட நிம்மதியும் கொஞ்சம் இருந்தது. "நாலு பேரு மூஞ்சியைச் சுளிச்சுக் குடுத்துட்டாங்க. மூணு பேரு, பரவாயில்லக்கா, வண்டுதான, நாங்களே சலிச்சுக்கிறோம்னு சொல்லிட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? வண்டு விழுந்த மாவை எந்த வீட்டுல கொட்டுறாங்க? நானே கொட்ட மாட்டேனே. ரொம்ப வற்புறுத்தினா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. சரின்னு வந்துட்டேன்."

மணல்காரர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவங்க சலிச்சுக் குடுப்பாங்களே!"

"தெரியுதுங்க."

"சலிச்சா விஷம் போயிருமா?"

"கத்தாதீங்க. பாப்பா மெரள்றா பாருங்க." மகளை அவர் மடியில் இறக்கினாள். குழந்தை துவண்டு அவர் மார்பில் சாய்ந்தது. கண்ணின் வெள்ளையை இழுத்துப் பார்த்தார். மஞ்சளாகவும் இருந்தது, குண்டு பல்பின் வெளிச்சம் போலவும் இருந்தது. பகல் வெளிச்சத்தில் இதைப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"விஷம்னு சொல்றீங்களே, இருக்குன்னு தெரியுமா?" என்றாள் அவள். "உங்க பூஞ்சையக்கா சொல்லிட்டாங்களா?"

"நாளைக்குத்தான் தெரியும்."

"அப்ப இல்லாமலும் இருக்கலாம்ல?"

"இருக்கலாம்."

"இல்லாத விஷத்தை இருக்குன்னு நானே போய்ச் சொல்லணுமா? நாளைக்கு ஒண்ணுமில்லன்னு வந்தா வாயிலேர்ந்து விழுந்த சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா? பிள்ளைங்களுக்கு விஷம் வெச்சவன்னு தெரு முழுக்கப் பேசுவாங்க. நம்ம பாப்பாவை எந்த வீட்டு வாசலுக்குத் தூக்கிட்டுப் போவேன்?"

"அவங்க பிள்ளைங்க சாப்பிடுமே."

"பத்து நாளா சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கு. நம்ம பாப்பாவும் சாப்பிட்டுச்சு." இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. "இன்னும் ஒரு வேளையில என்ன ஆயிரப்போகுது? சொல்லுங்க. உங்க மேடமே சொல்லக்கூடாதுன்னுதான சொல்லியிருக்காங்க?"

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வாசல் வரை போனார். தூறல் வலுத்திருந்தது. தெருக்கோடியில் தையல்காரி வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது, மெஷின் ஓடும் சத்தம் இங்கு வரைக்கும் கேட்டது. இப்போது போய் என்ன சொல்வது? உங்கள் பிள்ளை சாப்பிட்டதில் விஷம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றா? பதினோரு வருஷமாக எண் வராமல் அவர் எந்தக் காகிதத்திலும் எதையும் எழுதியதில்லை. எண் வரட்டும் என்று அவருக்குள்ளே ஏதோ சொன்னது. அதற்கு மேடத்தின் குரல் இருந்தது, மனைவியின் குரலும் இருந்தது. உண்மையில் அது அவருடைய பயம்தான்.

"காலையில வந்துரும்," என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார்.

அந்த இடத்தில்தான் இரண்டு பேரும் தப்புச் செய்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்ததிலேயே அது இருவருக்கும் தெரிந்திருந்தது. அவள் சோற்றை வடித்துக் குழந்தைக்கு ஊட்டினாள். இரண்டு வாய் வாங்கிவிட்டு அது தலையைத் திருப்பிக்கொண்டது. பெரியவர்கள் இருவரும் சாப்பிட்டோம் என்று பேர் பண்ணிவிட்டு எழுந்தார்கள்.

மறுநாள் ஒன்பதே காலுக்கு மணல்காரர் பூஞ்சைப் பிரிவின் வாசலில் நின்றார். சிவப்பு விளக்கு அறைப் பக்கம் போகவே இல்லை. உள்ளே மெஷின் ஒரு தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பூஞ்சையக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டும் பார்த்தார்.

"சொல்லுங்கக்கா."

"உட்காரு."

"நான் நிக்கிறேன். சொல்லுங்க."

"குழந்தைங்க சாப்பாட்டுல இருக்கலாம்னு ஒரு அளவு வெச்சிருக்காங்கல்ல? அதைப் போல முப்பத்தெட்டு மடங்கு."

முப்பத்தெட்டு என்பது மூன்றாக இருந்திருக்கக்கூடாதா என்று ஒரு கணம் கேவலமாக ஆசைப்பட்டார்.

"நின்னுக்கிட்டே இருக்காத," என்று அக்கா அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். "பாப்பாவைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. ஈரலைப் பாக்கச் சொல்லு. அந்த மாவை நிறுத்திட்டா சின்ன உடம்பு தேறிக்கவும் வழி இருக்கு. மத்த பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போகணும். மேடம்கிட்ட நான் சொல்லிக்கிறேன், கடைக்கும் ஆள் அனுப்பச் சொல்றேன். போடா!"

மனைவி குழந்தையோடு வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் வாடகை வண்டியிலிருந்து இறங்கியபோது முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அழவில்லை. "முதல்ல மூணு வீடு. அந்த நாலு வீட்டுக்கு வண்டியிலேர்ந்தே போன் பண்ணிச் சொல்லிடறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள்.

முதல் வீட்டுக்காரி முந்தின நாளிலிருந்து மாவையே தொடவில்லையாம், சலிக்கச் சோம்பலாக இருந்ததாம். அவளுடைய சோம்பலைக் கும்பிடத் தோன்றியது மணல்காரருக்கு. இருந்தாலும் பத்து நாளாகக் கொடுத்திருக்கிறாளே. விஷயத்தைச் சொன்னதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டாரின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். இரண்டாவது வீட்டில் குழந்தையின் அப்பா இருந்தார். காலையிலும் கொடுத்தோம் என்றார். பிறகு சட்டையைப் பிடிக்க வந்தார். மணல்காரர் சட்டையைப் பிடிக்கட்டும் என்றுதான் நின்றார். அதற்குள் அந்த வீட்டு அம்மா, "சண்டைக்கு இதுவா நேரம், வண்டிச் சாவியை எடுங்க," என்று அலறிவிட்டாள்.

தையல்காரி வீட்டுக்கு மாடிப்படி ஏற வேண்டும். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி முன்னால் ஏறினாள். அவர் பின்னால் போனார். கதவு திறந்தே இருந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் வெட்டிய துணிகள் குவிந்திருந்தன. அந்தக் குவியலில் தையல்காரியின் மகன் ஒருக்களித்துப் படுத்திருந்தான், எட்டு மாதத்துப் பிள்ளை. தையல்காரி வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்திவிட்டு எழுந்தாள்.

"வாங்கக்கா, வாங்கண்ணா. இதுக்குப் போயி மறுபடி அலையறீங்களா?" என்று சிரித்தாள். "மூணு தடவை சலிச்சேன், ஒரு வண்டுகூட இல்லக்கா! யாரு மாவுல பாத்துட்டு என் மாவைச் சொன்னீங்களோ."

மனைவி வாயைத் திறந்தாள்.

"சத்தம் போடாமப் பேசுங்க, இப்பத்தான் தூங்குறான். விடியக்காலம் ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டான். பல்லு வருதுல்ல. வயிறு காலியா இருக்கேன்னு எட்டு மணிக்கு ஒரு கரண்டி கூடவே போட்டுக் கெட்டியாக் காய்ச்சிக் குடுத்தேன். அப்பவும் பாதி துப்பிட்டான், விடாம ஊட்டிட்டேன். சாப்பிட்டதும் அசந்துட்டான். இவ்வளவு நேரம் பகல்ல தூங்கவே மாட்டான்."

மணல்காரர் குனிந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டார். பகல் வெளிச்சம் நன்றாக இருந்தது. இமையை மெதுவாக விலக்கினார். இந்தத் தடவை சந்தேகப்பட ஒன்றுமில்லை, மஞ்சள்தான். பிள்ளை சிணுங்கக்கூட இல்லை.

"அண்ணா எதுக்கு அவன் கண்ணைப் பாக்கிறாரு?"

"மாவுல வண்டு இல்லம்மா," என்றாள் மனைவி. "சோளத்துல விஷம் இருந்திருக்கு. பூஞ்சை விஷம். சலிச்சாலும் போகாது, காய்ச்சினாலும் போகாது. இவரு வேலை பாக்கிற எடத்துல சோதிச்சுப் பாத்தாங்க. என் பிள்ளைக்கும் அதைத்தான் குடுத்தேன். கீழ வண்டி நிக்குது, ஆஸ்பத்திரிக்குப் போகணும், பிள்ளையை எடு."

தையல்காரிக்குப் பாதிதான் ஏறியது. இவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு துணிக்குவியலிலிருந்து மகனை வாரி எடுத்து உலுக்கினாள். "டேய், முழிடா. அம்மாவைப் பாருடா." தலை பின்பக்கம் தொங்கியது. இன்னொரு உலுக்கில் கண்ணை அரைகுறையாகத் திறந்து மூடிக்கொண்டான். அவள் அவனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினாள். அங்கே போய் நின்றாள்.

"நேத்து நீங்க வந்தப்ப உங்களுக்கு இது தெரியுமா?"

மணல்காரர் முன்னால் வந்தார். பதில் அவர் நாக்கில் தயாராக இருந்தது. இன்றைக்குக் காலையில்தான் தெரிந்தது என்பது அந்தப் பதில். ஒன்பதே காலுக்கு வந்த தாள் இருக்கிறது, தேதியும் நேரமும் அச்சாகியிருக்கிறது. காகிதத்தில் அது முழு உண்மை. யாரும் மறுக்க முடியாது.

"தெரியும்," என்றாள் மனைவி. "எங்க ரெண்டு பேருக்குமே தெரியும்."

கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மனைவி தன் மகளை அவரிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையோடு படி இறங்குவது கஷ்டமாயிற்றே என்று தையல்காரியிடம் கையை நீட்டினாள். தையல்காரி தோளைத் திருப்பிக்கொண்டாள். அவள் கத்தவில்லை, சபிக்கவில்லை. விளங்காத ஒன்றைக் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள்.

"சலிச்சுக் குடுத்துக்கிறேன்னு நான் சொன்னப்ப, சரின்னு தலையாட்டினீங்களேக்கா?"